எட்டு வைக்கும் இடத்தில் இருபத்தாறு

"உங்க மேனுவல்ல நாலாம் பக்கத்துல ஒரு படம் இருக்குல்லா, அது..." என்று பக்கத்து மேசை அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கைப்பேசி அடித்தது. எடுத்துக் கேட்டார். "சரி" என்றார். பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அதற்கு இடப்பக்கம் மூக்குக்கண்ணாடி, அதற்கும் இடப்பக்கம் நோட்டு. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திருநெல்வேலிப் பக்கத்தில் அவருடைய அம்மா இறந்துபோனது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். துக்கம் விசாரிக்க நான் மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். மூன்றும் எங்கெங்கோ படித்தவை, நல்ல வாக்கியங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்தார், கண்ணாடியை மாட்டினார், பேனாவைத் திறந்தார்.

"...தலைகீழா இருக்கு சார்" என்றார்.

வாழ்க்கையைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாங்க மேடம், என்ன செய்ய" என்று சோகமாகத் தலையை ஆட்டினேன். அவர் மேனுவலைத் திறந்து காட்டினார். நாலாம் பக்கத்துப் படம் தலைகீழாகத்தான் இருந்தது. ஒரு வருடமாக அந்தப் புத்தகம் மில் மில்லாகப் போயிருக்கிறது, ஒருத்தரும் கேட்டதில்லை. நான் எழுதுவதை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

நெருப்பெரிச்சல் ஊருக்குப் போகிற வழியில் எங்கள் கம்பெனி. கீழே எம்ப்ராய்டரி யூனிட், மாடியில் நாங்கள். பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷினுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்வது தொழில். நூல் அறுந்தால், ஊசி உடைந்தால், கதவு திறந்தால் மிஷினை நிறுத்துவது அந்தப் பெட்டிதான். பெட்டிக்குள் எந்த வேலை எப்போது ஓட வேண்டும், எது வந்தால் எது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற அடிமட்ட நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். எங்கள் கெர்னல் முழுவதும் அந்த அம்மா எழுதியது. பெட்டிக்கு வெளியே ஒட்டும் எச்சரிக்கை, கூட வைக்கும் மேனுவல், ஏதாவது ஆகிவிட்டால் கொடுக்கும் அறிக்கை, மூன்றும் நான் எழுதுவது. என் படைப்புகளில் அதிகம் அச்சேறியது 'ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள்' என்ற நாலு சொல்தான்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. கம்பெனியில் எல்லோருக்கும் மேடம். முதலாளிக்கும் மேடம். ஐம்பதை ஒட்டிய வயது, காட்டன் புடவை, காலில் எப்போதும் ஒரே மாதிரி ரப்பர் செருப்பு. வேறு விவரம் எனக்குத் தெரியாது. ஏழு வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அவரிடம் இருந்தது ஒரே குணம். எதன் நடுவில் எழுந்து போனாலும் அதே இடத்துக்கு, அதே சொல்லுக்கு, அதே காற்புள்ளிக்குத் திரும்பி வருவார். "போறது பெரிசில்ல சார். எங்க திரும்பி வரணும்னு வச்சிட்டுப் போகணும், அம்புட்டுதான்" என்பார்.

இதை நான் அவருடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன். தொழில் என்று அவர்தான் விளக்கினார். மேனுவலில் ஒரு பத்தி எழுதுவதற்காக, சிப்புக்குள் என்னதான் நடக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். கேட்டதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. எனக்கு மின்விசிறி ரெகுலேட்டரே ஒரு மர்மம்.

"ஓவர்லாக் தைக்கிற ஒரு அக்காவ நினைச்சுக்கிடுங்க" என்றார். "கையில முன்பீசு, பின்பீசு, ஸ்லீவு, பண்டில் டிக்கெட்டு இருக்கு. பாதித் தையல்ல சூப்பர்வைசர் கூப்பிடுதாரு. அக்கா என்ன செய்யணும்? கையில இருக்கத ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வைக்கணும். எந்தத் தையல்ல விட்டோம்னு ஒரு சீட்டும் வைக்கணும். திரும்பி வந்து மேல இருக்கதுல இருந்து ஒவ்வொண்ணா எடுக்கணும். சிப்பும் அதான் செய்யுது. கதவு திறந்துட்டுன்னு சத்தம் வந்தா, கையில இருக்க எட்டு சாமானை அடுக்கிட்டுத்தான் என்னன்னு பாக்கப் போகும். எட்டும் எந்த வரிசைன்னு கெர்னல் எழுதுறவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு மாறிட்டுன்னா அக்கா ஸ்லீவ எடுத்துக் கழுத்துல தச்சிருவா."

"எங்க அடுக்கும்?"

"ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இடம் அளந்து விட்டிருப்பேன். அடுக்கு மேலேருந்து கீழ வளரும், மிஷின்ல துணி கீழ இறங்குற மாதிரி. அளந்த இடம் பத்தலைன்னா பக்கத்து வேலையோட சாமான் மேல போய் உக்காரும்."

"உக்காந்தா?"

"பக்கத்துக்காரனுக்குத் தெரியவே தெரியாது சார். தன்னோட சாமான்தான்னு நினைச்சு எடுத்துக்கிடுவான்."

நல்ல உவமை என்று குறித்துக்கொண்டேன். மேனுவலில் போடவில்லை. முதலாளி, "ஏனுங்க, மிஷினு வாங்கறவனுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்றார். அது ஒரு நியாயமான விமர்சனம்.

ஒருமுறை விளையாட்டுக்காக, அவர் சாப்பிடப் போனபோது மேசையில் இருந்த கண்ணாடியையும் நோட்டையும் இடம் மாற்றி வைத்தேன். திரும்பி வந்தவர் நோட்டு இருக்கவேண்டிய இடத்தில் கை வைத்தார். கண்ணாடி வந்தது. கையைக் கண்ணாடிமேல் வைத்தபடியே நின்றார். பத்து விநாடி, இருபது விநாடி. முகத்தில் கோபமில்லை. ஒன்றுமே இல்லை. பிறகு எல்லாவற்றையும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, காலையில் எழுதிய நிரலை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் வரை படித்தார். நான் சிரிக்கலாம் என்று காத்திருந்து, பிறகு வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் அந்த மேசைப் பக்கம் என் கை போனதில்லை.

இனி, நடந்த ஒரு விபத்து.

நிட்டிங் மிஷினின் அடியில் துணி சுருளும் உருளை இருக்கிறது. அதைச் சுற்றிக் கம்பிக் கதவு. கதவு திறந்தால் மிஷின் நிற்கும். சுருள் நிறைந்ததும் கதவைத் திறந்து வெட்டி எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நின்று ஓடினால் உற்பத்தி குறைகிறது என்று, கதவு உணரியின்மேல் ஒரு மேக்னெட்டை ஒட்டிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். கதவு மூடியிருப்பதாகப் பெட்டி நம்பிக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும் மிஷினில் கையை விட்டுத் துணியைச் சரி செய்வார்கள். செய்யாதே என்று நான் எழுதியிருக்கிறேன். ஒட்டும் மேக்னெட்டை என் எச்சரிக்கை மேலேயே ஒட்டி வைத்திருந்த மில்லையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு மில்லில் பீகார்க்காரர் ஒருவர், நாற்பது வயதுக்காரர், கதவைத் திறந்தார். மிஷின் நின்றது. கையை விட்டார். ஆறேழு விநாடியில் மிஷின் தானாக ஓடியது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மேக்னெட் வைக்கவில்லை என்று அவர் சொன்னார். மிஷின் நின்றது, அப்புறம்தான் ஓடியது என்று சொன்னார். மில்லில் எல்லோரும் சிரித்தார்களாம். மேக்னெட் வைக்காத ஆபரேட்டரை யார் பார்த்தது?

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மேக்னெட்டுதானுங்க, வேறென்ன இருக்கப்போகுது. ஒரு ரிப்போர்ட் எழுதிப்போடுங்க. மில்லுக்காரர் கேக்கறாரு."

எழுதிப்போட்டேன். போய்ப் பார்க்கவில்லை. இந்த மாதிரி அறிக்கைக்கு என்னிடம் ஏற்கெனவே ஒரு பத்தி இருந்தது. ஊரையும் தேதியையும் மாற்றினால் போதும். ஆபரேட்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். சிறுவயதில் நாலைந்து இந்திப் பரீட்சை எழுதியவன் நான். என் இந்தி வானொலிச் செய்தி மாதிரி இருக்கும், ஆனாலும் கம்பெனியில் அது ஒன்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அறிக்கை முழுவதையும் அவருக்கு இந்தியில் வாசித்தேன். முதல் தடவை இல்லை என்றார். இரண்டாம் தடவை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை இடது கையால் கையெழுத்துப் போட்டார். நான் பேனாவைத் துடைத்து மூடிக்கொண்டு வந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது, அது ஞாபகம் இருக்கிறது.

அந்த அம்மா அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

"நின்னுட்டு ஓடிச்சுன்னாரா சார்?"

"அப்படித்தான் சொன்னாருங்க மேடம். எல்லாரும் அப்படித்தான் சொல்றது."

"மேக்னெட் வச்சா நிக்காதே. நின்னுதுன்னு ஏன் சொல்லணும்?"

இந்தச் சாதாரணக் கேள்வி எனக்கோ முதலாளிக்கோ மில்காரருக்கோ வரவில்லை.

அந்த மில்லிலிருந்து பெட்டியைக் கழற்றி வரவைத்தார். மேசையில் வைத்து, ஒரு கதவு உணரியை மாட்டி, கையால் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்தார். காலை வந்ததிலிருந்து போகும்வரை. திறப்பு, நிற்பு. மூடல், ஓட்டம். ஒன்பது நாள் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "மேடம், கதவு தேஞ்சு போயிருமுங்க" என்றார். நான் சிரித்தேன். பத்தாம் நாள் மத்தியானம், கதவு திறந்திருக்கும்போதே பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது.

அவர் கையை அப்படியே எடுத்தார். அந்த நொடியில் பெட்டியின் நினைவகத்தில் இருந்ததை எல்லாம் அச்செடுத்தார். எண்கள், பக்கம் பக்கமாக. அடிக்கோலை வைத்துச் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொண்டு வந்தார். ஒரு வரியில் பென்சில் நின்றது. அவர் என்னைக் கூப்பிட்டார். ஏன் என்னை என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

"பழைய சிப் கிடைக்கலைன்னு போன வருஷம் புதுசு மாத்துனோம்லா. பழசு எட்டு சாமான்தான் அடுக்கும். இது தசமப் புள்ளிக்கணக்கு போடத் தெரிஞ்ச சிப்பு. துணி எடையப் புள்ளி வச்சுக் காட்டணும்னு ஓனர் சொன்னாருன்னு நானும் அதப் போட வச்சேன். எடைக் கணக்குக்கு நடுவுல நிப்பாட்டுனா, அந்தப் புள்ளி எண்ணையும் சேத்து அடுக்கும். மொத்தம் இருபத்தாறு."

"நீங்க விட்ட இடம்?"

"எட்டுக்கு."

பென்சில் முனையை அந்த வரியில் வைத்தார். "இதுதான் கதவு திறந்திருக்குன்னு எழுதி வைக்கிற இடம். இது மேல ஒரு பூஜ்யம் வந்து உக்காந்திருக்கு. யாருக்கும் வேண்டாத பூஜ்யம். ஆனா இந்த இடத்துல பூஜ்யம்னா கதவு மூடியிருக்குன்னு அர்த்தம்."

பிறகு, "நான் எண்ணல சார்" என்றார். "சிப்போட புத்தகத்துல போட்டிருக்கு. நான் பழைய எண்ணையே வச்சிட்டேன்."

குரலில் மாற்றமில்லை. படம் தலைகீழாக இருக்கிறது என்று சொன்ன அதே குரல்.

முதலாளி அறையில் நானும் இருந்தேன். முதலாளி கெட்டவர் இல்லை. அவர் சொன்னது இது:

"மேடம், ஊரெல்லாம் நம்ம பொட்டி ஓடுதுங்க. இத வெளிய சொன்னா அத்தனையும் நாளைக்கே கழட்டி நம்ம வாசல்ல வெச்சுப்போடுவாங்க. புது வெர்ஷன்னு சொல்லிக் கமுக்கமா மாத்திப்போடலாமுங்க."

"மாத்துதேன் சார். இன்னைக்கே ஆரம்பிக்கேன். அந்த ஆளு?"

"அந்தாளு வேற வேல பாத்துக்குவாருங்க."

"மேக்னெட் கேசுன்னு பேர் வாங்குனவர எந்த மில்லுல சார் மிஷின்கிட்ட விடுவாங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். நன்றாக அச்சடித்த காலண்டர்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா மில்லுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். தவறு பெட்டியில், பெட்டியில் என்றால் தன்னிடம், ஆபரேட்டர் சொன்னது உண்மை என்று. அரைப் பக்கம். திருத்தட்டுமா என்று கேட்டேன், தொழில் பழக்கம். "வேண்டாம் சார்" என்றார். மில்காரர் அந்த மனிதரைத் துணி செக்கிங்கில் சேர்த்துக்கொண்டார். மங்கலம் முதல் குன்னத்தூர் வரை எங்கள் பெட்டி ஓடும் ஒவ்வொரு இடத்துக்கும் அந்த அம்மா போய் நிரலை மாற்றினார். கடைசிப் பெட்டி முடிந்த மறுநாள் வேலையை விட்டார். "போகச் சொல்லலீங்க நானு" என்று முதலாளி இப்போதும் சொல்வார். உண்மைதான். இருக்கவும் சொல்லவில்லை. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அவர் இப்போது எங்கே என்று தெரியவில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடிதம் கொடுப்பதற்கு முந்தைய நாள். "மில்லுக்குச் சொல்லுறதுக்கு முன்னாடி அந்த ஆபரேட்டர்ட்ட சொல்லணும். எனக்கு இந்தி வராது. கோயில் முடிஞ்சு வாறேன், நீங்களும் வாங்க" என்றார். அவர் கோயில் என்றது தேவாலயத்தை.

லைன் வீட்டில் ஓர் அறை. கூட இருப்பவர்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள். ஆபரேட்டர் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை அந்த அம்மாவுக்குத் தள்ளினார். நான் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க சார். கதவு திறந்துதான் இருந்துச்சு. மிஷினும் நின்னுச்சு. திரும்ப ஓடுனதுக்கு நான் காரணம்" என்றார் அந்த அம்மா என்னிடம்.

மிஷினில் ஒரு சின்னக் கோளாறு இருந்ததாகத் தெரிகிறது என்று என் வானொலி இந்தியில் சொன்னேன்.

"என்னையக் கையக் காட்டவே இல்லியே நீங்க" என்றார் அந்த அம்மா.

அவரைக் கையைக் காட்டிச் சொன்னேன். ஆபரேட்டர் கேட்டுக்கொண்டார். மெதுவாகத் தலையை ஆட்டினார். சம்மதத் தலையாட்டு என்று நினைத்தேன். அது மறுப்பு.

"இல்ல மேடம்" என்றார், மில்லில் கற்ற அரைகுறைத் தமிழில். "மேக்னெட் நான் வெச்சேன். ஞாபகம் இருக்கு."

"வைக்கலியே நீங்க."

"வெச்சேன் மேடம். கறுப்பு. ரவுண்ட். ஸ்பீக்கர்ல இருந்து எடுத்தது, ஓரத்துல உடைஞ்சது. இந்தக் கையில பிடிச்சு வெச்சேன்." இடது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல வளைந்திருந்தன.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, "என்ன சார்?" என்றார்.

நான் சொன்னேன். மாற்றி மாற்றி எழுதிய அந்த அறிக்கைப் பத்தி எனக்கே அலுத்துப்போயிருந்தது. இந்தத் தடவை கொஞ்சம் உயிர் இருக்கட்டும் என்று ஒரு மேக்னெட்டை எழுதினேன். கறுப்பு, வட்டம், பழைய ஒலிபெருக்கியில் இருந்து எடுத்தது, ஓரத்தில் உடைந்தது, இடது கையால் பொருத்தியது. எல்லாம் என் மேசையில் உட்கார்ந்து யோசித்தவை, ஆஸ்பத்திரியில் மூன்று தடவை அவருக்கு வாசித்தவை. முதலாளி படித்துவிட்டு, கண்ணால பாத்தாப்புல இருக்குதுங்க என்று பாராட்டினார். என் எழுத்துக்கு அந்த வருடம் கிடைத்த ஒரே பாராட்டு.

"அத அவர்ட்ட சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

கற்பனை என்பதற்கு இந்திச் சொல் எனக்குத் தெரியும், பரீட்சையில் வந்தது. அந்த அறையில் அது வாயில் வரவில்லை. பொய் எழுதினேன் என்றேன். நான் அங்கே இல்லை, எதையும் பார்க்கவில்லை, மேக்னெட்டை நான்தான் வைத்தேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இந்தக் கையில என்ன இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

கத்திரிக்கோலாக இருக்கலாம். துணி நுனியாக இருக்கலாம். அந்த நேரத்தில் ஆபரேட்டர்கள் கையில் என்னென்ன இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்தார்.

"நீங்க ஒண்ணும் வைக்காதிய சார்" என்றார். "அது காலியாவே இருக்கட்டும்."